அளவுச்சாமி முடக்கு

போன மாதம் என் பழைய திணைக்களத்திலிருந்து ரிஸ்லா என்ற இளம் பொறியியலாளர் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி வைக்கக்கூட நேரம் தரவில்லை. மடிக்கணினியைத் திறந்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த படம். தெல்தோட்டைப் பக்கத்து மலைச்சரிவில் நாங்கள் கட்டிய வாய்க்கால் தேயிலைக்கு நடுவே வெள்ளைக் கோடாகப் போகிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது மலையை விட்டு விலகி, கொங்கிரீட் கால்களில் ஏறி நின்று, பள்ளத்துப் பக்கமாக ஒரு முடக்கு அடித்துவிட்டு மறுபடி மலையோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த முடக்குக்கும் மலைக்கும் நடுவில் ஒரு தகரக் கூரை, ஒரு சிவப்புக் கொடி.

"சேர், இந்தக் கோயிலுக்காகவா வாய்க்கால வளைச்சீங்க?"

நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ரிஸ்லா சிரிக்கவில்லை. முடக்கில் இருக்கும் தொட்டிவாய்க்கால் ஒழுகுகிறதாம், கால்களில் வெடிப்பாம். அதை இடித்துவிட்டு மலையோரமாக நேராக வெட்டிவிடலாம் என்று புதிய திட்டம். ஆனால் முதலில் கட்டியவர்கள் ஏன் இந்தக் கூத்தெல்லாம் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. "நீங்கதான் சேர் தடம் போட்டவராம். என்ன நடந்ததுன்னு எழுதித் தாங்க" என்றார். எழுதத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாத ஆளிடம் கேட்டுவிட்டார். அவர் தலையெழுத்து, படிக்கட்டும்.

என்னைப் பற்றி அதிகம் இல்லை. புசல்லாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தேன். கணக்கு வந்தது, அதனால் படிக்க விட்டார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் மட்டம் பார்க்கப் படித்து, வடமத்திய வெயிலில் சில வருடம் குளக்கட்டுகளில் காய்ந்து கறுத்து, கண்டிக்கு மாற்றம் கிடைத்து வந்தபோது எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது. அதைக் குறைப்பதற்கென்றே மேலே ஒருவர் இருந்தார். அவர்தான் தில்லையம்பலம் சேர்.

யாழ்ப்பாணத்து மனுசன். பொறியியலாளர். மெலிந்த உடம்பு, கன்வஸ் சப்பாத்து, கையில் ஒரு குடை. மழைக்கு அதை விரித்து நான் கண்டதில்லை. பள்ளத்தின் ஆழம் பார்க்கவும் காலில் ஏறும் அட்டையைத் தட்டிவிடவும் மட்டும் பயன்படும். குரல் உயர்த்த மாட்டார். சின்னப் பிழைக்கு அரை மணி நேரம் திட்டுவார். பெரிய பிழை என்றால் ஒரே ஒரு சொல்: "பரவாயில்லை." அந்தச் சொல்லைக் கேட்டால் அலுவலகமே அடங்கிப்போகும். எழுதுவினைஞர்கள் தலையைக் கோப்புக்குள் புதைத்துக்கொள்வார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எவ்வளவு நல்ல படம் வரைந்து கொண்டுபோனாலும் கையெழுத்து வைக்க மாட்டார். தடத்தை நடந்து பார்ப்பார். அதுவும் தலைப் பக்கத்திலிருந்து இல்லை, வால் பக்கத்திலிருந்து. வயலில் தொடங்கி, தண்ணீர் வரப்போகும் திசைக்கு எதிரே, மேலே மேலே ஏறி, ஓயாவில், அந்த மலையாற்றில், அணை கட்டும் இடத்தில் போய் முடிப்பார். ஏன் சேர் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, தண்ணி போற பக்கம் நடந்தா எல்லாம் வடிவாத்தான் தெரியும். எதிர்ப்பக்கம் நடந்து பாரும், என்னென்னத்தை மறிச்சுக்கொண்டு போறம் எண்டு அப்பதான் தெரியும்."

இனி வாய்க்காலுக்கு வருவோம். மலைக்குக் கீழே வயற்காரர்கள், முஸ்லிம்களும் சிங்களவர்களும் கலந்து. முன்பு இரண்டு போகமும் செய்த நிலம். நாங்கள் போனபோது பெரும்போகம் மட்டும்தான். சிறுபோகத்துக்கு, அவர்கள் சொல்வதுபோல் யாலக்கு, நிலம் வெடித்துக் கிடந்தது. அவர்களுடைய சங்கத் தலைவர் நூர்தீன் ஹாஜியார். கம்பளையில் பலசரக்குக் கடை, இங்கே வயல். எங்களைக் கண்டால் விடமாட்டார். "வாங்கோ சேர், இரிங்கோ, ஒரு வாய் சோறு தின்னாமப் போனா எனக்கு மனம் சரியில்ல" என்று கையைப் பிடித்து இழுப்பார். சோறு போட்டுவிட்டு, "எங்கட பொடியனுகள் வயல வித்துட்டு கொழும்புக்குப் போறதுக்குள்ள தண்ணி வருமா?" என்று கேட்பார். அதற்குப் பிறகு அந்தச் சோறு எப்படி இறங்கும்?

மேலே தோட்டத்தில் கதை வேறு. வாய்க்கால் அவர்களுடைய தேயிலைக்கு நடுவேதான் போக வேண்டும். லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. மலை சரிந்து எல்லோரையும் மூடிவிடும் என்று இன்னொரு பேச்சு. தொழிற்சங்கத்தார் ஒரு பக்கம், தோட்டத்துத் துரை ஒரு பக்கம், வயற்காரர்களுக்காகப் பேசும் அரசியல்காரர் ஒரு பக்கம். கண்டிக் கச்சேரியில், அதுதான் அரசாங்க அதிபர் அலுவலகத்தில், நடந்த கூட்டங்களில் கதிரை பறக்காததுதான் குறை. இந்தச் சத்தத்துக்கு நடுவேதான் நான் தடம் போட்டேன். நான் தனியாகப் போட்ட முதல் மலைத்தடம் அது.

மலைத்தடம் என்பது பொறுமையான வேலை. வாய்க்காலின் சரிவு கூடினால் தண்ணீர் கரையை அரிக்கும், குறைந்தால் மண் படிந்து நின்றுவிடும். மட்டக்கருவியை முக்காலியில் நிறுத்திக் கண்ணை வைத்துக்கொண்டு, அளவுகோல் பிடிக்கிற ஆளை மேலே ஏறு, கீழே இறங்கு என்று கையைக் காட்டி, சரியான மட்டம் கிடைத்த இடத்தில் ஒரு மரமுளை அடிப்போம். முளைகளை வரிசையாகப் பார்த்தால் அதுதான் தடம். இடையிடையே ஒரு கல்லை ஆழமாக நட்டு அதன் உயரத்தைக் குறித்துக்கொள்வோம். அது மட்டக்கல். முளை போனால் மறுபடி அடிக்கலாம். மட்டக்கல் அசைந்தால் பட்ட பாடெல்லாம் பாழ்.

முளைகள் போகத் தொடங்கின. காலையில் அடித்தது மாலையில் இல்லை. கோபத்தில் பிடுங்கியவர்கள் பாதி, அடுப்பெரிக்க எடுத்தவர்கள் பாதி. நானும் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் மட்டக்கல்லையே யாரோ ஆட்டிப் பார்த்திருந்தார்கள். எனக்கு அழுகை வராத குறை.

"மாத்தயா, பயப்பட வேணாம். நான் பாக்குறது" என்றார் பியதாச. எங்கள் சங்கிலிக்காரர், அளவுச் சங்கிலி பிடிக்கிறவர். கடுகண்ணாவைச் சிங்களவர், பௌர்ணமிப் போயா தினம் தவறாமல் பன்சலைக்கு, அவர்களுடைய விகாரைக்கு, போகிறவர். காற்சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள்தூள் பொட்டலத்தை எடுத்தார். தண்ணீர் விட்டுக் குழைத்து மட்டக்கல்லில் பூசினார். குங்குமப் பொட்டு. நாங்கள் தூரத்துக் கம்பங்களில் கட்டும் சிவப்புத் துணியில் ஒரு கிழிசலைக் கல்லின் இடுப்பில் சுற்றினார். முள்முருங்கை மரத்தடியில் பார்க்கவே அம்சமாக இருந்தது. தமிழ் ஊர்களில் வேலை செய்த அளவைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதானாம் அது, எனக்குத்தான் தெரியவில்லை. அன்றிலிருந்து கல்லை யாரும் தொடவில்லை. பக்கத்து முளைகளும் பத்திரம்.

கொஞ்ச நாளில் கல்லுக்கு முன்னால் ஒரு விளக்கு வந்தது. பிறகு எலுமிச்சம்பழம். பிறகு பெயரும் வந்துவிட்டது: அளவுச்சாமி. பியதாசவும் காலையில் வேலை தொடங்குமுன் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார். "நீர்தானே ஐயா பூசினீர்?" என்றேன். "பூசினது நான் மாத்தயா, இப்ப உள்ளுக்க யார் இருக்கிறதோ தெரியாதே" என்றார்.

தடம் முடிந்ததும் மண் எப்படி, பாறை எவ்வளவு ஆழத்தில் என்று பார்க்கச் சோதனைக்குழி தோண்ட வேண்டும். அளவுச்சாமிக்குப் பக்கத்தில் ஒரு குழி. ஆளின் இடுப்பளவுகூடப் போகவில்லை, அடியில் தண்ணீர் கசிந்து வந்தது. மலையில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டு வந்து படுத்தேன்.

விடிந்ததும் எங்கள் கொட்டகை வாசலில் பெண்கள். முன்னால் நின்றவர் பாக்கியம் அக்கா. அந்த லயத்தில் கொழுந்து பறிக்கிறவர். மலையில் அவர் கூப்பிட்டால் அடுத்த மலைக்குக் கேட்கும். ஒரு குடத்தைக் கொண்டுவந்து என் மேசையில், விரித்திருந்த படத்தின் மேலேயே வைத்தார்.

"குடிங்க தம்பி."

எட்டிப் பார்த்தேன். பால்தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர்.

"என்னாக்கா இது?"

"எங்க பீலித் தண்ணி. நேத்து வரைக்கும் கண்ணாடி கெணக்கா இருந்திச்சு. குடிங்க, பாப்போம்."

பீலி என்றால் வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். மலை ஊற்றுத் தண்ணீரை ஒரு குழாயோ மூங்கிலோ வைத்து ஓரிடத்தில் விழவிடுவது. குடிக்க, குளிக்க, துவைக்க அந்த லயத்துக்கு அது ஒன்றுதான். குழாய்த் தண்ணீர் தருகிறோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு.

"மேல மழ பேஞ்சிருக்கும்க்கா" என்றேன்.

"ஆமா, ஒங்க குழிக்குள்ள மட்டும் பேஞ்சிருக்கு" என்றார் அக்கா. பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நீங்க புசல்லாவ லயத்துப் புள்ளயாமே. ஒங்களுக்குமா தம்பி வெளங்கல?"

எனக்கு ஆத்திரம் வந்தது. நியாயமாக வந்த ஆத்திரம் இல்லை. குத்திய இடம் சரியான இடம் என்பதால் வந்தது. அத்தனை நாள் வெயிலிலும் அட்டைக்கடியிலும் போட்ட என் தடம்! அதை ஒரு குடம் வந்து கேள்வி கேட்கிறது. ஆனாலும் சேருக்குச் சொல்லியனுப்பாமல் இருக்க முடியவில்லை.

வந்தார். கேட்டார். குடத்தைப் பார்த்தார். "பரவாயில்லை" என்றார்.

வழக்கம்போல் கீழிருந்து மேலே நடந்தார். பீலிக்குப் போகும் ஒற்றையடிப்பாதையின் முடக்கில் என்னைப் பார்த்து, "இதாலை நேர போகலாமோ?" என்று கேட்டார். பெண்கள் குளிக்கிற இடம். ஆம்பிளைகள் முடக்கிலேயே திரும்பி நின்று செருமி, அங்கிருந்து குரல் வந்த பிறகுதான் போவார்கள் என்றேன். தலையாட்டிவிட்டு, முதுகைக் காட்டி நின்று, பெரிதாகச் செருமினார். "வாங்க தொரை" என்று சத்தம் வந்த பிறகே காலடி எடுத்துவைத்தார். பீலியில் ஒரு போத்தலில் கலங்கல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார். பிறகு எங்கள் குழியைக் களிமண் போட்டு இறுக்கி மூடச் சொன்னார். அடுத்த நாள் காலையில் அதே பீலியில் இன்னொரு போத்தல். பளிங்கு மாதிரித் தண்ணீர். இரண்டையும் சட்டைத் துணியால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கே விளங்கிவிட்டது. நான் போட்ட தடத்தில் வாய்க்கால் வெட்டினால் அந்த ஊற்றின் கழுத்தை அறுப்பதுபோலத்தான்.

அதற்குள் அளவுச்சாமி கோவிச்சுக்கும் என்று லயத்திலிருந்து கச்சேரிவரை பேச்சுப் போய்விட்டது. கூட்டத்தைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வைத்தோம். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. தொட்டில்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கதிரை போட்டிருந்தார்கள். கீழேயிருந்து ஹாஜியாரும் வயற்காரர்களும் ஏறி வந்தார்கள். நடுப்பகல் லுஹர்த் தொழுகை நேரம். ஹாஜியார் எங்கே கைகால் கழுவலாம் என்று விசாரித்துப் போய்விட்டு வந்து உட்கார்ந்தார். கச்சேரியிலிருந்து வந்த ஓர் அதிகாரிதான் தலைமை.

பாக்கியம் அக்கா எழுந்தார். "அளவுச்சாமி அங்கன குடியிருக்குங்க. வாய்க்கா அந்தப் பக்கம் வந்தா சாமி கோவிச்சுக்கும். நாங்க வுடமாட்டோம்."

அதிகாரிக்கு மூக்குக்கு மேல் கோபம். "இந்தக் காலத்தில் இப்படி மூடநம்பிக்கையா? ஒரு கல்லுக்காக அபிவிருத்தியை நிறுத்துவதா?" என்று மேசையில் தட்டினார். ஒரு குழந்தை விழித்து அழத் தொடங்கியது.

தில்லையம்பலம் சேர் மட்டும் சாவகாசமாகக் கேட்டார்: "அம்மா, இந்தச் சாமி எப்ப தொடக்கம் இஞ்ச இருக்கு?"

"ஒங்க ஆளுக நட்ட நாள்ல இருந்துதாங்க."

கூட்டம் இடிந்ததுபோல் சிரித்தது. பியதாச கதவுக்குப் பின்னால் போய்விட்டார்.

"எங்களுக்குத் தெரியாதாங்களா?" என்றார் அக்கா. அவர் சிரிக்கவில்லை. "மஞ்சப் பொட்டலத்த அங்கனயே போட்டுட்டுப் போயிட்டாங்க. கம்பளைக் கடைப் பேரு இருந்திச்சு. தண்ணி போயிரும்னு நாங்க கச்சேரிக்கு எத்தன தடவ வந்து சொன்னோம்? மனு எழுதிக் குடுன்னீங்க, குடுத்தோம். வெசாரிக்கிறோம்னீங்க. அங்கருந்து ஒருத்தரும் வரல. சாமி கோவிச்சுக்கும்னு ஒரு வார்த்த சொன்னோம். இந்தா, கதிர போட்டு உக்காந்திருக்கீங்க. அப்ப நாங்க எதச் சொல்றதுங்க?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அதே நேரம், சொல்லாமல் என்ன, எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போலவும் இருந்தது.

சேர் பையைத் திறந்து இரண்டு போத்தல்களையும் மேசையில் வைத்தார். "இது குழி திறந்திருக்கேக்க. இது மூடினாப் பிறகு. சாமியை விடுங்கோ, தடம் பிழை. மாத்தோணும்." அடுத்து ஹாஜியார் பக்கம் திரும்பினார். "மாத்திறதெண்டா வாற யாலயும் உங்களுக்குத் தண்ணியில்லை. நான் பொய் சொல்ல மாட்டன்."

வயற்காரர்கள் பக்கம் முணுமுணுப்பு. ஒருவர் எழுந்து கத்தவே தொடங்கிவிட்டார். ஹாஜியார் கையைக் காட்டி அவரை உட்காரவைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவருடைய வயல் என்ன நிலையில் கிடந்தது என்று எனக்குத் தெரியும்.

"நான் இப்ப வுளு எடுத்தது அந்தப் பீலியிலதான் சேர். குடங்கள வரிசையா வச்சிருந்தாங்க. என்னக் கண்டதும் தள்ளி நிண்டு, நீங்க கழுவுங்க மொதலாளின்னு வழி விட்டாங்க. அந்தத் தண்ணிய நிப்பாட்டி வெளைய வச்ச நெல்ல நான் எப்பிடித் திங்கிறது? மாத்துங்கோ." இறங்கிப்போகும்போது என் தோளைப் பிடித்து அழுத்தினார். "ஆனா கெதியாச் செய்ங்கோ மகன். யா அல்லாஹ், கெதியாச் செய்ங்கோ."

செய்தோம். மலையை வெட்டாமல் போக வேண்டும், ஆனால் மட்டம் மாறக்கூடாது. அப்படியானால் அந்த இடத்தில் வாய்க்காலை மலையை விட்டு வெளியே எடுத்து, தாழ்ந்த நிலத்தில் கால் கொடுத்து, தொட்டிபோல உயர்த்திக் கொண்டுபோக வேண்டும். ஊற்றுக்குத் தெரியாமல் அதன் தலைக்கு மேலே நடந்துபோகிற மாதிரி. மழைக்காலம் முழுக்க நானும் பியதாசவும் அட்டைகளுக்கு இரத்ததானம் செய்துகொண்டு புதிய தடம் போட்டோம். சேர் மறுபடி கீழிருந்து மேலே நடந்தார். முடக்கில் நின்று குடையால் தட்டிப் பார்த்தார். "தம்பி, இதில முளை ஒண்டு கோணலா அடிச்சிருக்கிறீர்" என்று தொடங்கி அரை மணி நேரம் திட்டினார். அவ்வளவு சந்தோசமாக நான் வேறு யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

தண்ணீர் திறந்த நாளில் மாலை போட்டவர்களும் மைக் பிடித்தவர்களும் வேறு ஆட்கள். எங்களுக்கு வேலை வாய்க்காலோடு நடந்து, நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் முடக்கைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது. தாண்டியது. சேர் பீலிப் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்று செருமி, போத்தலைப் பிடித்துக்கொண்டு வந்தார். தெளிந்த தண்ணீர். அதை அங்கேயே குடித்தார். அந்த யால அறுவடை முடிந்து ஹாஜியார் லயத்துக்கு ஒரு மூட்டை புது அரிசி ஏற்றி அனுப்பினார். பெண்கள் அதில் அளவுச்சாமிக்குப் பொங்கல் வைத்தார்கள். ஒவ்வொரு வருடமும் அரிசி வருகிறது. இப்போது ஹாஜியாரின் மகன் அனுப்புகிறார். அவர் கொழும்புக்குப் போகவில்லை.

சேர் ஓய்வுபெற்று ஊரோடு போய், காலமாகியும் விட்டார். பியதாச பேரப்பிள்ளைகளோடு கடுகண்ணாவையில் இருக்கிறார். நான் நன்றாக இருக்கிறேன், இரத்தத்தில் சீனி மட்டும் கொஞ்சம் கூட.

இதை எழுதி வைத்துவிட்டு, போன கிழமை ரிஸ்லாவோடு நானும் அங்கே போனேன். படிப்பது ஒன்று, பார்ப்பது ஒன்று. அவருடைய ஆட்கள் நேர்வழித் தடத்துக்காக மலையோரத்தில் ஒரு புதிய கொங்கிரீட் கல்லை நட்டிருந்தார்கள். பாக்கியம் அக்கா தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்டார். தலை நரைத்திருக்கிறது, குரல் நரைக்கவில்லை. "அளவுக்காரத் தம்பி! என்னா இப்பிடி ஊதிப் போயிட்டீங்க?" என்று தொடங்கினார். ரிஸ்லா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அம்மா, வாய்க்காலத் திருத்தணும். சாமிய வேற எடத்துக்கு மாத்தினா உங்களுக்கு மனவருத்தமா இருக்குமா?"

"சாமிக்கு என்னா மக, தூக்கி எங்க வச்சாலும் இருக்கும்" என்றார் அக்கா. "தண்ணியத் தூக்கி வைக்க ஏலுமா?"

ரிஸ்லா பீலிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். புறப்படும்போது அக்கா அந்தப் புதிய கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்ததை நான் கவனித்தேன்.

நேற்று ரிஸ்லாவின் அழைப்பு வந்தது.

"சேர், எங்கட புதுக் கல்லுல யாரோ மஞ்சள் பூசி, பொட்டு வச்சிருக்காங்க."

"விளக்கு வந்துட்டுதா?"

"இன்னும் இல்ல. எலுமிச்சம்பழம் இருக்கு." மெல்லிய குரலில் சொன்னார்: "நானும் பக்கத்துல ஒரு குழி தோண்டிப் பாத்தேன் சேர். மறுநாள் பீலி கலங்கிட்டுது. ஒடனே மூடச் சொல்லிட்டேன். முடக்கு இருக்கட்டும், கால்கள மட்டும் புதுசாக் கட்டுவோம்னு எழுதப் போறேன். காரணத்தையும் எழுதுவேன்."

"முடக்கு நிக்குதாம்!" என்று குசினிப் பக்கம் கத்தினேன். சந்தோசத்தில்தான்.

"ஆனா சேர், அந்தக் கல் இனி எங்களுக்குத் தேவையில்ல. பிடுங்கப் போனா விடமாட்டேங்கிறாங்க. என்ன செய்ய?"

"பிடுங்காதீங்க மகள்" என்றேன். "மழை வரப்போகுது. ஒரு தகரம் வாங்கிக் குடுங்க."